பொனைர் தீவில் ஒரு குளிர்கால ஸ்கூபா விடுமுறை: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கரீபியன் பக்கம் டைவிங் போகலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு முதல் குழப்பம், எந்தத் தீவு என்பதுதான். கொசுமெல் இருக்கிறது, கேமன் தீவுகள் இருக்கின்றன, ரோவாட்டான் இருக்கிறது. எல்லாமே நல்ல இடங்கள். ஆனாலும் என்னைக் கேட்டால் பொனைர் என்றுதான் சொல்வேன். மற்ற இடங்களில் படகு கிளம்பும் நேரத்துக்கு நீங்கள் கிளம்ப வேண்டும், வழிகாட்டி திரும்பும்போது திரும்ப வேண்டும். பொனைரில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, நடந்தே கடலில் இறங்கி, சில நிமிடங்களில் பவளப்பாறையை அடைந்துவிடலாம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நீங்களும் உங்களுடன் இறங்குபவரும் பேசி முடிவு செய்வது.

அந்தச் சுதந்திரம் இருக்கும் இடத்தில் கண்காணிக்க ஆள் இருக்காது. நீரோட்டத்தைப் பார்ப்பது, காற்றைக் கணக்கிடுவது, திரும்பும் நேரத்தைத் தீர்மானிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆகவே பயணத் திட்டத்தை விட டைவிங் பழக்கத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

தீவும் பருவமும்

வெனிசுவேலா கடற்கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், அரூபா, குராசாவோ தீவுகளுக்கு அருகே பொனைர் இருக்கிறது. பரப்பு 288 சதுர கிலோமீட்டர். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. இருந்தாலும் புழங்கும் பணம் யூரோ அல்ல. 2011 ஜனவரியிலிருந்து அமெரிக்க டாலர். ஊர்மக்கள் பேசுவது பாப்பியமெந்து. டச்சு ஆட்சிமொழி, ஆங்கிலம் எல்லா இடத்திலும் எடுபடும். காலையில் எதிர்ப்படுகிறவரிடம் 'பொன் தியா' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், அங்கே அது மரியாதை.

தீவு பிறை வடிவில் வளைந்திருக்கிறது. வளைவின் உட்பக்கம் மேற்கைப் பார்த்தபடி இருக்கிறது. அந்த வளைவுக்கு எதிரே, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், க்ளைன் பொனைர் என்ற ஆளில்லாத குட்டித்தீவு. ஆண்டு முழுக்கக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. அந்தக் காற்றும் அலையும் கிழக்குக் கரையில் மோதி அங்கேயே அடங்கிவிடுவதால் மேற்குக் கரைத் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. பாறையும் அந்தப் பக்கம்தான் கரைக்கு மிக அருகில் வருகிறது. பொனைர் கரையிலிருந்தே டைவ் செய்யும் தீவாக ஆனதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

குளிர்காலம் என்று சொன்னாலும் தண்ணீர் 26, 27 டிகிரி செல்சியஸ் இருக்கும். பிப்ரவரி வாக்கில்தான் மிகக் குறைவு. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழைக்காலம் என்பார்கள். பெய்தால் ஒரு பாட்டம் கொட்டிவிட்டு வெயில் வந்துவிடும். கள்ளிச்செடி மண்டிய வறண்ட தீவு அது, மழை உங்கள் விடுமுறையைக் கெடுக்காது. கவனிக்க வேண்டியது காற்றைத்தான். டிசம்பர் கடைசியிலிருந்து கிழக்குக் காற்று வலுக்கும். மேற்குக் கரையிலும், முக்கியமாக மேடே இல்லாத தென்பகுதியில், தண்ணீரின் மேல்மட்டம் சிலுசிலுவென்று கலங்கும். அடியில் ஒன்றும் தெரியாது. கரையேறும்போதுதான் தெரியும்.

புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் பொனைருக்குப் புயல் பயம் குறைவு. அதற்காக ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999 நவம்பரில் லென்னி புயலும், 2008 அக்டோபரில் ஓமர் புயலும் தூரத்தில் கடந்தபோதே மேற்குக் கரையில் அலை எழும்பி ஆழம் குறைந்த பவளங்களை உடைத்துப் போட்டன. காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசும் நாள் எப்போதாவது வரும். அன்றைக்குக் கடலைத் தொட வேண்டாம். தீவைச் சுற்றிப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்: சான்றிதழும் உடம்பும்

ஓபன் வாட்டர் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். அது 18 மீட்டர் வரைக்கானது. தீவுக்குப் போய்க் கற்றுக்கொள்ளவும் முடியும், ஆனால் விடுமுறையில் மூன்று நான்கு நாள் வகுப்பிலேயே கரைந்துவிடும். ஊரிலேயே படிப்பை முடித்து, சில டைவ்களாவது போய்விட்டு வாருங்கள். 30 மீட்டர் வரை அனுமதிக்கும் அட்வான்ஸ்ட் சான்றிதழ் இருந்தால் அங்கே மூழ்கிக் கிடக்கும் ஹில்மா ஹூக்கர் கப்பலையும் பார்க்கலாம்.

அதற்கு அடுத்து நான் வற்புறுத்துவது நைட்ராக்ஸ் பயிற்சி. ஒரு நாளில் முடிந்துவிடும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, பொனைர் டைவ் கடைகளில் புழங்கும் நைட்ராக்ஸ் கலவையில் 32 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் நைட்ரஜன் குறைகிறது, உடம்பில் சேர்ந்து பிறகு குமிழியாகி ஆபத்து தரும் அந்த வாயு சேர்வதும் குறைகிறது. டைவிங் பயிற்சி தரும் 'பாடி' (PADI) நிறுவனத்தின் அட்டவணைப்படி 18 மீட்டரில் காற்றில் 56 நிமிடம் இருக்கலாம் என்றால் இந்தக் கலவையில் 95 நிமிடம். நாளைக்கு மூன்று டைவ் வீதம் ஒரு வாரம் முழுக்க இறங்கும் பயணத்தில் இது பெரிய வித்தியாசம். பதிலுக்கு ஆழத்தில் ஒரு வரம்பு உண்டு: 32 சதவீதக் கலவையோடு 34 மீட்டரைத் தாண்டக் கூடாது. டேங்கை எடுக்கும்போது ஆக்சிஜன் அளவை நீங்களே கருவியில் அளந்து, டேங்கில் எழுதி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் உங்கள் டைவ் கம்ப்யூட்டரிலும் பதியுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, இதயம், காது, நுரையீரல் பற்றியெல்லாம் கேட்பார்கள். ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். தீவுக்குப் போய் மருத்துவரைத் தேடுவதை விட ஊரிலேயே வாங்கிவிடுவது மேல். குளிர்காலப் பயணத்தில் சளி பிடிப்பது சகஜம். மூக்கடைப்போடு இறங்கினால் காது சமமாகாது, செவிப்பறைக்கே ஆபத்து. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், தண்ணீருக்கடியில் மாத்திரையின் வேகம் குறைந்து ஏறும்போது சிக்கிக்கொள்ளலாம். சளி இருந்தால் ஓய்வெடுங்கள்.

டைவிங்குக்கென்றே இருக்கும் காப்பீடு எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள், அல்லது ஆழத்துக்கு வரம்பு வைத்திருப்பார்கள். தீவிலேயே அழுத்த அறைச் சிகிச்சை வசதி இருக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் செலவு உங்கள் பையிலிருந்து வரக் கூடாது.

விசா, விமானம், கட்டணங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். பொனைர் நெதர்லாந்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. நெதர்லாந்தின் கரீபியப் பகுதிக்கென்று தனி விசா உண்டு. சில நாடுகளின் விசா அல்லது குடியிருப்பு உரிமை வைத்திருப்பவர்களுக்கு விலக்கும் உண்டு. நெதர்லாந்து அரசின் தளத்தில் உங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து கே.எல்.எம். பறக்கிறது. அமெரிக்காவில் மயாமி, அட்லாண்டா, ஹூஸ்டன் நகரங்களிலிருந்து விமானங்கள் உண்டு. அரூபா அல்லது குராசாவோ வரை வந்து சிறிய விமானத்தில் தாவலாம், ஆனால் அந்த விமானங்களில் எடை வரம்பு கறார். டைவிங் பையோடு வருகிறவர்கள் முன்பே எடைக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

வெளிநாட்டவருக்கு நுழைவு வரி 75 டாலர். கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம் 40 டாலர். இரண்டையும் இணையத்தில் முன்கூட்டியே கட்டலாம். தொகை மாறக்கூடியது, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இயற்கைக் கட்டணம் பூங்காவை நடத்தும் ஸ்தினாபா அமைப்புக்குப் போகிறது. படகு கட்டும் மிதவைகள், ரோந்து, ஆய்வு எல்லாம் அந்தப் பணத்தில்தான். நான் மனமாரக் கொடுக்கும் கட்டணம் அது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களுக்கு அறையும் வண்டியும் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். விலையும் கூட. ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு போனால் மூச்சு விடலாம். குளிர்காலத்தில் சுற்றுலாக் கப்பல்களும் தலைநகர் கிராலென்டைக்கில் நிற்கும். எந்த நாளில் கப்பல் வருகிறது என்ற அட்டவணையை வாங்கிக்கொண்டு, அன்று நகரத்தை விட்டு விலகி வடக்கோ தெற்கோ போய்விடுங்கள்.

வண்டியும் தங்குமிடமும்

பொனைரில் டைவருக்கு வேண்டியது பிக்கப் டிரக். பின்பக்கம் டேங்குகளை நிறுத்த மரச்சட்டம் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கியர் மாற்றி ஓட்டும் வண்டிதான், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். இரவில் சாலையில் கழுதைகள் நிற்கும், ஆடுகள் குறுக்கே ஓடும். மெதுவாகத்தான் போக வேண்டும்.

ஆளில்லாத கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் போகிறீர்கள் என்பது திருட வருகிறவனுக்கும் தெரியும். ஆகவே அங்கே உள்ள வழக்கம், வண்டியில் ஒன்றும் வைக்காமல், பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவது. பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்கள். கைபேசி, கடவுச்சீட்டு, பணம் எல்லாம் அறையில் இருக்கட்டும். வண்டிச் சாவியைத் தண்ணீர் புகாத சிறு குப்பியில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். மின்னணுச் சாவி என்றால் தண்ணீரில் இறங்கக்கூடிய சாவி இருக்கிறதா என்று வாடகைக்காரரிடம் கேளுங்கள்.

தங்குமிடத்தில் இரண்டு வசதிகளைப் பாருங்கள்: உபகரணங்களைக் கழுவிக் காயப்போட இடம், சமைக்க அடுப்பு. பெரும்பாலான உணவுப் பொருள் கப்பலில் வருவதால் உணவகங்களில் விலை அதிகம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அடுப்பு இல்லாத அறை கஷ்டம். கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள், அதை அப்படியே குடிக்கலாம். மின்சாரம் 127 வோல்ட். கேமரா, டார்ச் சார்ஜர்கள் அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன எடுத்துப் போவது

மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், பூட்ஸ் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸ் என்றால் தடித்த அடிப்பாகம் உள்ளது, அதோடு போடும் பட்டி வைத்த ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு). வெறுங்காலில் போடும் ஃபின் படகிலிருந்து குதிக்கச் சரி. இந்தக் கரையில் கூரான சுண்ணாம்புப் பாறை, உடைந்த பவளத்துண்டு, இடுக்குகளில் கறுப்பு முள் நீட்டிய கடல் அர்ச்சின். அங்கே அது உதவாது.

வெட்சூட் 3 மில்லிமீட்டர் போதும் என்பார்கள். முதல் நாள் போதும். நாளைக்கு மூன்று டைவ், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று போனால் நான்காம் நாள் 26 டிகிரியிலேயே நடுக்கம் வரும். சீக்கிரம் குளிர் உணர்கிறவர்கள் 5 மில்லிமீட்டர் எடுங்கள், அல்லது தலைக்கு ஒரு ஹூட்.

நீங்கள் இருக்கும் இடத்தை மேலே காட்ட ஆளுக்கொரு மேற்பரப்பு மிதவைக் குழாயும் ஒரு விசிலும் வேண்டும். கையுறை எடுத்துப் போகாதீர்கள், பூங்காவில் தடை. சன்ஸ்கிரீனில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பவளத்துக்குக் கெடுதி என்று 2021 முதல் தீவில் விற்பனைக்கே தடை. நீளக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

முதல் நாள்: அறிமுக டைவ்

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தீவுக்கு வந்ததும் டைவ் கடையில் பூங்கா விதிகளைக் கேட்டுவிட்டு, ஓர் அறிமுக டைவ் செய்தாக வேண்டும். இது சடங்கு என்று நினைத்து அவசரப்படாதீர்கள். எடையைச் சரிசெய்ய இதை விட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையை முழுக்கக் காலி செய்துவிட்டு, சாதாரணமாக மூச்சை உள்ளிழுத்து நிறுத்தினால், தண்ணீர் மட்டம் உங்கள் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கும், டைவ் முடிவில் ஏறக்குறைய 2 கிலோ மேலே இழுக்கும். நிறைந்த டேங்கோடு சோதித்தால் அதற்கான எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை கூடிப்போனவர் கால் தொங்கியபடி நீந்துவார். அவருடைய ஃபின் பின்னால் எதை உடைக்கிறது என்று அவருக்கே தெரியாது. பாறை அழிவதைப் பற்றிப் பேசுகிற நாம் முதலில் செய்யக்கூடியது எடையைக் குறைப்பதுதான்.

விதிகள் எளியவை. எதையும் தொடாதே, எதையும் எடுக்காதே, மீனுக்கு உணவு போடாதே, பவளத்தில் நங்கூரம் போடாதே. இவை இன்று நேற்று வந்தவை அல்ல. கடலாமைகளுக்கு 1961லும், ஈட்டியால் மீன் பிடிப்பதற்கு எதிராக 1971லும், பவளத்துக்கு 1975லும் சட்டம் வந்தது. 1979ல் தீவைச் சுற்றிக் கரையோரத்திலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை கடல் பூங்காவாக ஆனது. 1962ல் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய கேப்டன் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், தீவில் டைவிங்கைத் தொடங்கிவைத்து, நங்கூரத்துக்குப் பதில் நிலையான மிதவைகள் வேண்டும் என்று விடாமல் பாடுபட்டார். நீங்கள் கரையில் நின்று பார்க்கும்போது தெரியும் மிதவைகளுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

கரையிலிருந்து இறங்கும் முறை

சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கல், அதில் டைவ் இடத்தின் பெயர். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். கல்லைக் கண்டதும் உடனே உடுப்பை மாட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நின்று தண்ணீரைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எந்த இடத்தில் பாறைக்கு நடுவே மணல் தெரிகிறது, மிதவையின் கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது. கயிறு சாயும் பக்கம்தான் நீரோட்டம் போகும் பக்கம். அந்த மணல் திட்டுதான் நீங்கள் இறங்கவும் ஏறவும் வேண்டிய வழி. திரும்பி வரும்போது தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒன்றுபோலத் தெரியும். ஆகவே வண்டிக்குப் பின்னால் உள்ள ஒரு மரத்தையோ கட்டடத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தபடியே டேங்கை மாட்டுங்கள். ஒருவருக்கொருவர் வால்வு, காற்றுக் குழாய், எடை, கொக்கி எல்லாவற்றையும் கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். மாஸ்க் முகத்தில், மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் வாயில், காற்றுச் சட்டையில் பாதிக் காற்று, ஃபின் கையில். இந்த நிலையில்தான் தண்ணீரில் கால் வைப்பது. வழுக்கி விழுந்தால் மூச்சு பற்றிக் கவலை இருக்காது. கையைக் கோத்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி நடங்கள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நடப்பதை நிறுத்திவிட்டு மிதங்கள். பலர் இன்னும் நான்கடி நடக்கலாம் என்று போய் அங்கேதான் கணுக்காலைத் திருகிக்கொள்கிறார்கள். மிதந்தபடி ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஃபினை மாட்டிக்கொண்டு, மிதவை வரை மேல்மட்டத்திலேயே நீந்துங்கள்.

மிதவைக்குக் கீழே சுமார் 10 மீட்டரில் பாறை சரியத் தொடங்கும். இறங்குவதற்கு முன் காம்பஸைப் பாருங்கள். இங்கே வெளியே போவது ஏறக்குறைய மேற்கு, திரும்புவது கிழக்கு. வழிதவறினாலும் கிழக்கே நீந்தினால் கரை வந்துவிடும்.

முதல் பாதியை நீரோட்டத்துக்கு எதிராக நீந்துங்கள். களைப்பு வரும்போது நீரோட்டமே திருப்பிக் கொண்டுவந்துவிடும். டேங்கின் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கினால் 130 பார் வந்ததும் திரும்புவது என் பழக்கம். திரும்பும்போது ஆழத்தைக் குறைத்து 8, 10 மீட்டரில் வாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏற வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதைப் பாறையின் மேல்தட்டிலேயே வேடிக்கை பார்த்தபடி கழிக்கலாம். 50 பார் மிச்சம் இருக்கும்போது கரையில் இருக்க வேண்டும்.

ஏறும்போது இடுப்பளவு தண்ணீரில் ஃபினைக் கழற்றுங்கள். அலை பெரிதாக இருந்தால் கழற்றிவிட்டு நான்கு காலால் தவழ்ந்து ஏறுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம், முழங்கால் தப்பினால் நாளையும் டைவ் உண்டு.

எங்கே இறங்குவது

ஒரு வாரத்தில் இருபது இடங்களைத் தொட்டுவிட வேண்டும் என்று பட்டியலோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். என் ஆலோசனை நேர்மாறானது. ஐந்தாறு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் மறுபடி மறுபடி இறங்குங்கள். முதல் முறை பாறையின் வழி பிடிபடும். அடுத்த முறை மீன்களைச் சுத்தம் செய்யும் இறால் எந்தக் கடல்தாமரையில் இருக்கிறது என்று தெரியும். அதற்கடுத்த முறை மீன்கள் அந்த இறாலிடம் வந்து வாயைத் திறந்து நிற்பதைப் பார்க்கக் காத்திருப்பீர்கள்.

நகரத்துக்கு அருகே பாரி ரீஃப். தன்னார்வ டைவர்களின் மீன் கணக்கெடுப்பில் கரீபியனிலேயே அதிக வகைகள் பதிவான இடங்களில் ஒன்று. கண் எட்டிய தூரம் அழகு என்று சொல்ல முடியாது. மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் அது திறக்கும். கடற்பஞ்சின் மேல் அதே நிறத்தில் உட்கார்ந்திருக்கும் தவளைமீன், கொம்புப் பவளத்தைப் பிடித்து நிற்கும் கடல்குதிரை, வரிவரியாகச் சுழலும் ஸ்பாட்டட் டிரம் குஞ்சு.

தெற்கே சால்ட் பியர். உப்பளத்து உப்பைக் கப்பலில் ஏற்றும் ஜெட்டி இது. தூண்களில் ஆரஞ்சு, ஊதா கடற்பஞ்சுகள் படர்ந்திருக்கும். காலை ஒன்பது பத்து மணிக்கு இறங்கினால் வெயில் தூண்களின் நடுவே சரிந்து விழும், அந்த ஒளியில் மஞ்சள் மீன் கூட்டங்கள் திரும்பும்போது மொத்தமாக மின்னும், நிழலில் பெரிய சீலா மீன் அசையாமல் தொங்கும். ஆழம் அதிகமில்லை, புதியவர்களுக்கும் ஏற்றது. கப்பல் நிற்கும் நாளில் நெருங்கக் கூடாது. மேலே ஏறியதும் எதிரே பாருங்கள்: இளஞ்சிவப்பு உப்புப்பாத்திகள், வெள்ளை உப்புக் குன்றுகள், தூரத்தில் பூநாரைகள்.

இன்னும் தெற்கே போனால் கரையில் நிமிர்ந்து நுழைய முடியாத சின்னஞ்சிறு கல் குடிசைகள் வரிசையாக நிற்கும். உப்பளத்தில் வேலை வாங்கப்பட்ட அடிமைகள் தூங்குவதற்காக 1850ல் கட்டியவை. 1863ல்தான் டச்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. அங்குள்ள டைவ் இடங்களின் பெயர்களிலும் அந்த வரலாறு இருக்கிறது: ஒயிட் ஸ்லேவ், ரெட் ஸ்லேவ். ரெட் ஸ்லேவில் நீரோட்டம் வலுவானது, அனுபவம் உள்ளவர்களுக்கே. இறங்காவிட்டாலும் வண்டியை நிறுத்தி அந்தக் குடிசைகளுக்குள் குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹில்மா ஹூக்கர் 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். கஞ்சா மூட்டைகளோடு பிடிபட்டு, கட்டி வைக்கப்பட்டிருந்தபோது நீர் கசிந்து, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. இரண்டு பாறை வரிசைகளுக்கு நடுவே மணலில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அடிப்பகுதி 30 மீட்டர், மேல்விளிம்பு 18 மீட்டர். நாளின் முதல் டைவாக இதை வையுங்கள். 30 மீட்டரில் நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆகவே நேரே சுழல்விசிறிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மேல்விளிம்பு வழியாகத் திரும்புவது நல்லது. உரிய பயிற்சி இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

வடக்கே 1000 ஸ்டெப்ஸ். ஆயிரம் படியெல்லாம் இல்லை, எழுபதுக்கும் குறைவுதான். டேங்கோடு ஏறும்போது ஆயிரமாகத் தோன்றும் என்பதால் அந்தப் பெயர். அழுங்காமைகள் அடிக்கடி தென்படும். அதைத் தாண்டியதும் கரையோரச் சாலை ஒருவழிப்பாதை, ரிங்கோன் ஊர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்தச் சாலையின் கோடியில் கர்பாட்டா, பாறை செங்குத்தாக இறங்கும் இடம்.

க்ளைன் பொனைருக்கு மட்டும் படகு வேண்டும். ஒரு நாள் அதற்கு ஒதுக்குங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த பாறை எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியும்.

இரவு டைவ்

அங்கே குளிர்காலத்தில் ஆறே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி, தண்ணீருக்குள் இருட்டுவதைப் பார்ப்பது முதல் இரவு டைவுக்கு ஏற்ற வழி. பகலில் நன்றாகத் தெரிந்த இடத்தையே தேர்ந்தெடுங்கள். கரையில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டுப் போனால் திரும்பும் திசை தெரியும். ஆளுக்கு இரண்டு டார்ச்.

நகரத்தையொட்டிய பாறைகளில் இரவில் டார்ப்பன் மீன்கள் வரும். ஆள் நீளம், வெள்ளித் தகடு போன்ற செதில். உங்கள் தோளுக்கு மேலிருந்து திடீரென்று முன்னால் வந்து நிற்கும், பயப்பட வேண்டாம். உங்கள் டார்ச் வெளிச்சத்தை வைத்து அவை வேட்டையாடுகின்றன. ஒரு சின்ன மீனின் மேல் வெளிச்சத்தை நிறுத்தினால் அடுத்த நொடி அது இருக்காது. உறங்கும் கிளிமீனின் மேல் விளக்கை நிலைநிறுத்தாதீர்கள். தன்னைச் சுற்றி ஒரு சளி உறையைப் பின்னிக்கொண்டு தூங்கும் அந்த மீனுக்கு நீங்கள் எமனாக வேண்டாம்.

பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உங்கள் பயணம் வந்தால் ஓஸ்ட்ரகாட் காட்சியைத் தவறவிடாதீர்கள். மணலளவே உள்ள இறாலினத்து உயிர்கள் இவை. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் போல ஆனதும், நிலா எழும்புவதற்கு முன்னுள்ள இருட்டில், ஆண்கள் பெண்களை அழைக்க ஒளிப்புள்ளிகளை விட்டபடி நீந்தும். ஐந்து மீட்டர் ஆழத்தில், மென்பவளம் அடர்ந்த இடத்தில், எல்லா டார்ச்சையும் அணைத்துவிட்டு அசையாமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் நீலப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்ததுபோல் எழும், பக்கத்தில் இன்னொரு வரிசை, பிறகு சுற்றிலும். அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒருவர் டார்ச் போட்டாலும் எல்லோருக்கும் கெட்டுவிடும், இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பாறையின் இன்றைய நிலை

பொனைர் பாறையைப் பழைய புகைப்படங்களில் பார்த்துவிட்டு வந்தால் மனம் வலிக்கும். கல் பவளங்களின் திசுவைத் தின்னும் கொடிய நோய் 2023ல் இங்கும் வந்துவிட்டது. மூளைப் பவளம், தூண் பவளம் போன்றவை நூறாண்டுக் கணக்கில் வளர்ந்தவை, நோய் பிடித்தால் சில வாரங்களில் வெள்ளை எலும்பாகிவிடுகின்றன. அதே ஆண்டின் வெப்பத்தில், பவளம் நிறமிழந்து வெளுக்கும் வெளிறலும் சேர்ந்துகொண்டது. நோய் பரவாமலிருக்கச் சில இடங்களைப் பூங்கா மூடுவதுண்டு. போய் இறங்கும் வாரத்தில் எது மூடியிருக்கிறது என்று கடையில் கேளுங்கள், மூடியிருந்தால் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். நோய் உள்ள இடத்தில் இறங்கிய உபகரணங்களைக் கிருமிநாசினிக் கரைசலில் அலசிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கடைகளில் தொட்டி வைத்திருப்பார்கள்.

ரீஃப் ரினியூவல் அமைப்பு கடலுக்கடியில் மரம்போல் நட்ட சட்டங்களில் மான்கொம்புப் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்த்து, பாறையில் கொண்டுபோய் நடுகிறது. டைவர்களுக்கு ஒரு பயிற்சியும் தருகிறார்கள். ஒரு வார விடுமுறையில் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். மான்கொம்புத் துண்டைத் தூரிகையால் சுத்தம் செய்த கை, அதற்குப் பிறகு எந்தப் பவளத்திலும் ஊன்றாது.

கடைசி இரண்டு நாள்

வார நடுவில் ஒரு நாள் டைவ் இல்லாமல் விடுங்கள். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் இறங்கும். அன்று வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்கோ, கிழக்கே லாக் குடாவின் அலையாத்திக் காட்டுக்கோ போகலாம்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. நான் 24 மணி நேரமாகவே வைத்துக்கொள்வேன். மூட்டு வலி, தோல் அரிப்பு, காரணமில்லாத களைப்பு, கை கால் மரத்தல் எது தெரிந்தாலும் விமானம் ஏறாதீர்கள், உடனே டைவ் கடையிலும் மருத்துவமனையிலும் சொல்லுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மறைப்பதுதான் ஆபத்து.

அந்த 24 மணி நேரத்தை உபகரணங்களுக்குக் கொடுங்கள். நன்னீரில் ஊறவைத்து, காற்றுச் சட்டைக்குள்ளும் நீர் விட்டுக் குலுக்கி வடித்து, நிழலில் காயப்போடுங்கள். ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்து மூடிய பிறகே தண்ணீரில் போட வேண்டும். காய்ந்த பின் ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் கைப்பையில், டார்ச்சிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில், மற்றதெல்லாம் பெரிய பையில்.